அரிசி வராத வாசலுக்குப் பிராந்தி வருகிறதாம்!

மது பாட்டிலை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுப்பது என்ற யோசனைக்குச் சாவே கிடையாது போலிருக்கிறது. செத்தது என்று நாம் நினைக்கும்போதெல்லாம் எழுந்து உட்காருகிறது. 2020-இல் கொரோனாக் காலத்தில் பேசினார்கள், ஓய்ந்தது. 2024 ஜூலையில் மறுபடி பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஸ்விக்கி, ஜொமாட்டோ, பிக்பாஸ்கெட் போன்ற கம்பெனிகள் மூலம் வீட்டுக்கே மது அனுப்புவதைப் பற்றி டில்லி, கர்நாடகம், ஹரியானா, பஞ்சாப், கோவா, கேரளம் ஆகியவற்றோடு தமிழ்நாட்டிலும் பரிசீலனை நடக்கிறதாம். முதலில் பீர், ஒயின் மாதிரி ‘லேசான’ சரக்கு மட்டும்தானாம். ஒட்டகம் முதலில் தலையை மட்டும்தான் கூடாரத்துக்குள் நீட்டியது என்று கதை சொல்வார்கள்.

இந்தக் கனவான்கள் சொல்லும் காரணங்கள் என்ன? கடை வாசலில் கூட்டம் இருக்காது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது குறையும். பெண்கள் கடையைத் தாண்டிப் போகும்போது கூசிக் குறுக வேண்டியதில்லை. கள்ளச்சாராயம் ஒழியும். வரிசையில் நிற்கும் அவமானம் குடிப்பவனுக்கும் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் நன்மையே கொட்டுகிறது! தொழிலாளிக்கு நன்மை செய்யப்போகிறோம் என்று முதலாளிகள் சபையில் யாராவது பேசினால், நாம் முதலில் நம் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்வது வழக்கம். இப்போதும் அதையே செய்வோம்.

ஓசூரைக் காட்டித் திறந்த கடை

இந்தப் பேச்சு பிறந்த கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. சிப்காட் ஆலைகளின் கேட்டுகள் மூடின. பாகலூர்ப் பக்கம் ரோஜாப் பூ செடியிலேயே உதிர்ந்தது. பறிக்கப் போன பெண்களுக்குக் கூலி இல்லை. டாஸ்மாக் கடைகளும் மூடின. ஏறக்குறைய நாற்பது நாள், மூடினால் உலகமே அஸ்தமித்துவிடும் என்று சொல்லப்பட்ட அந்தக் கடைகள் மூடியே கிடந்தன. உலகம் அஸ்தமிக்கவில்லை.

மே 4-ஆம் தேதி கர்நாடக சர்க்கார் மதுக்கடைகளைத் திறந்தது. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. கால்நடையாகவே போய்விடலாம். தமிழ்நாட்டு சர்க்கார் உடனே ஓர் அறிக்கை விட்டது: அண்டை ராஜ்யங்களில் கடை திறந்துவிட்டார்கள், எல்லை மாவட்டத்து ஜனங்கள் பெருங்கூட்டமாக அங்கே போகிறார்கள், தடுப்பது கஷ்டமாக இருக்கிறது, ஆகவே நாங்களும் மே 7 முதல் திறக்கிறோம்! எல்லை மாவட்டம் என்றால் நம் கிருஷ்ணகிரி மாவட்டமும் சேர்த்துத்தானே! நம்மைக் காட்டி, கன்னியாகுமரி வரைக்கும் கடை திறந்தார்கள். எல்லையைத் தாண்டிப் போன பசியை, வேலையில்லாத் திண்டாட்டத்தைக் காட்டி எந்த சர்க்காராவது எதையாவது திறந்தது உண்டா?

மே 7 ஒரே நாளில் 170 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை. சென்னையில் கடை திறக்காமலே இவ்வளவு! ஒன்றரை மாதம் கூலி காணாத கைகளிலிருந்து ஒரு பகலில் உறிஞ்சிய பணம் இது. இதில் தாலி எத்தனை, அண்டா குண்டா எத்தனை, ரேஷன் கார்டுக்கு சர்க்கார் கொடுத்த ஆயிரம் ரூபாய் எத்தனை என்று கணக்கெடுத்தவர் யாரும் இல்லை.

கூட்டத்தைப் பார்த்துவிட்டு மே 8-ஆம் தேதி சென்னை ஹைகோர்ட் கடைகளை மூடச் சொன்னது. ஊரடங்கு முடியும் வரையில் ஆன்லைனில் விற்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றும் சொன்னது. அதே தினம் சுப்ரீம் கோர்ட், வேறொரு வழக்கில், கூட்டத்தைத் தவிர்க்க வீட்டு விநியோகம் பற்றி ராஜ்யங்கள் யோசிக்கலாம் என்றது. நோய் பரவக்கூடாது என்பது நீதிபதிகளின் கவலை. சர்க்காரின் கவலையோ வேறு. டில்லிக்கு ஓடிப்போய், வருமானத்துக்குப் பெரும் நஷ்டம் என்று மனுப் போட்டது. 15-ஆம் தேதி தடை உத்தரவு கிடைத்தது. 16-ஆம் தேதி கடை திறந்தது. நாளுக்கு ஒரு நிறத்தில் டோக்கன், கடைக்கு 500 டோக்கன், மைக்கில் அறிவிப்பு, போலீஸ் காவல். ஆஹா, என்ன ஒழுங்கு!

தோழர்களே, அந்த வாரத்திலேயே நடந்த இன்னொரு காரியத்தையும் ஞாபகப்படுத்த வேண்டும். ஊரடங்கு நாட்களுக்குத் தொழிலாளிக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் மார்ச் 29-ஆம் தேதி ஓர் உத்தரவு போட்டிருந்தது. முதலாளிகள் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். மே 18-ஆம் தேதியோடு அந்த உத்தரவை சர்க்காரே காலாவதியாக்கிவிட்டது. 16-ஆம் தேதி மதுக்கடை திறந்தது. 18-ஆம் தேதி சம்பள உத்தரவு செத்தது. கடைக்காக ஒரு வாரத்தில் சுப்ரீம் கோர்ட் வரை ஓடிய கால்கள், கூலிக்காக ஓர் அடி எடுத்து வைத்ததா?

எதிர்க்கட்சியில் இருந்தவர்கள் அன்று கறுப்புச் சட்டை அணிந்து வீட்டு வாசலில் நின்று கண்டனம் செய்தார்கள். நல்ல காரியம். மறு வருஷம் அவர்களே ஆட்சிக்கு வந்தார்கள். இரண்டாவது அலையில் மூடிய கடைகளை 2021 ஜூன் 14-ஆம் தேதி 27 மாவட்டங்களில் அவர்களே திறந்தார்கள். அந்தப் பட்டியலில் கிருஷ்ணகிரியும் இருந்தது. சட்டையின் நிறம் மாறியது. கல்லாப்பெட்டி மாறவில்லை.

விதியைப் படித்துப் பார்ப்போம்

இனி விஷயத்துக்கு வருவோம். வீட்டு விநியோகம் எங்கெங்கே நடந்தது, என்ன விதிகள் போட்டார்கள்?

சத்தீஸ்கரில் 2020 மே மாதம் சர்க்காரே தொடங்கியது. ஒரு தடவைக்கு 5,000 மில்லி வரை வாங்கலாம், கொண்டுவந்து கொடுக்க 120 ரூபாய் கூலி. நம் கணக்கில் இதைப் போட்டுப் பாருங்கள். இங்கே சாதாரண ரகக் குவார்ட்டர், 2024 பிப்ரவரி விலையேற்றத்துக்குப் பின், 140 ரூபாய். 140 ரூபாய்ச் சரக்குக்கு 120 ரூபாய் வண்டிச் சத்தம் யாராவது கொடுப்பானா? கொடுக்க மாட்டான். ‘வந்ததே வருகிறது, ஒரு குவார்ட்டருக்குப் பதில் ஒரு முழு பாட்டில் வரட்டும், பக்கத்து அறைக்காரனையும் சேர்த்துக்கொள்’ என்பான். நாலு நாளைக்கு இருக்கட்டும் என்று வாங்கியது ஒரே ராத்திரியில் தீரும். குடிப்பவனுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவன் வீட்டுப் பெண்ணுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். வங்காளத்திலும் ஒடிசாவிலும் ஆன்லைன் வந்தபின் விற்பனை 20 முதல் 30 சதவீதம் ஏறியது என்று வியாபாரத் தரப்பினரே சொன்னதாக அந்த 2024 செய்தியிலேயே இருந்தது. இது குடியைக் குறைக்கும் திட்டமா, கூட்டும் திட்டமா என்று இனி நாம் வாதாட வேண்டியதில்லை. விற்கிறவனே வாக்குமூலம் கொடுத்துவிட்டான்.

ஜார்க்கண்டில் 2020 மே மாதம் ராஞ்சி நகரத்தில் ஸ்விக்கி கம்பெனி தொடங்கியது. பிறகு ஒடிசா, பிறகு வங்காளம். வாங்குகிறவன் அடையாளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தன் முகத்தையும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். சரக்கு வாங்கும்போது ஓ.டி.பி. எண் சொல்ல வேண்டும். ஜார்க்கண்ட், ஒடிசா என்றால் எது? இங்கே நம்மோடு கான்ட்ராக்ட் வேலை செய்கிறார்களே, அந்தத் தோழர்களின் சொந்த ஊர். அவர்களில் எத்தனையோ பேர் ரயில் இல்லாமல், பஸ் இல்லாமல், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையில் நடந்த அதே மே மாதம் அது. மனிதனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வண்டி இல்லை. பாட்டிலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வண்டி இருந்தது!

டில்லியில் 2021-இல் போட்ட விதி இன்னும் ருசியானது. வீட்டுக்குக் கொடுக்கலாம், ஆனால் ஹாஸ்டல், ஆபீஸ், நிறுவனம் இவற்றுக்குள் கொடுக்கக்கூடாது. ஆபீஸில் பாட்டில் வந்தால் வேலை கெடும். ஹாஸ்டலில் வந்தால் படிப்புக் கெடும். வீட்டில் வந்தால் ஒன்றும் கெடாது போலும்! வீடு என்று அவர்கள் நினைப்பது எதை? வரவேற்பறை, படுக்கையறை, பூட்டுப் போட்ட அலமாரி எல்லாம் உள்ள வீட்டை. நம்முடையது பத்துக்குப் பத்து லைன் வீடு. குடிப்பவன், குழந்தை, பரீட்சைக்குப் படிக்கும் பெண், அடுப்பு, எல்லாம் அந்த ஒரே அறையில். சிப்காட்டைச் சுற்றி ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று ஷிப்டு முறையில் படுத்து எழும் வாலிபர்கள் இருக்கிறார்களே, அது வீடா, ஹாஸ்டலா? விதி எழுதிய பேனாவுக்கு இது தெரியாது.

இன்னொன்று. இது நமக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். சூளகிரி, தளி, கெலமங்கலம் பக்கம் தோட்டத்திலும் குவாரியிலும் வேலை செய்பவர்களுக்கு முன்பணம் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். கூலியில் ஒரு பகுதியைக் குவார்ட்டராகக் கொடுத்துக் கணக்கை நேர் செய்யும் மேஸ்திரிகளையும் தெரியும். இன்று அந்த மேஸ்திரி கடைக்குப் போய் வர வேண்டும், நாலு பேர் பார்ப்பார்கள். நாளை அவன் கையில் இருக்கும் போன் போதும். பெட்டி பெட்டியாகத் தோட்டத்துக் கொட்டகைக்கே வந்து இறங்கும். சனிக்கிழமை கூலி போடும்போது நோட்டைப் பிரித்து, ‘உன் பற்று இவ்வளவு’ என்பான். பணமாகத் தர வேண்டிய கூலியைச் சரக்காகத் தருவதற்குச் சட்டம் இடம் தரவில்லை என்பது உண்மை. சட்டத்தைப் பார்க்கவா அந்தக் கொட்டகைக்கு லேபர் இன்ஸ்பெக்டர் வருகிறார்?

கடைக்கு ஒரு வாசல் உண்டு

‘கடை போய்விட்டால் பெண்களுக்கு நிம்மதிதானே?’ என்று கேட்கிறார்கள். முதலாவது, கடை போவதாக யாரும் சொல்லவில்லை. கடையும் இருக்கும், வண்டியும் வரும். இரண்டாவது, பெண்களின் நிம்மதி பற்றிப் பெண்களே என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2017 ஏப்ரலில் சாலையிலிருந்து எடுத்த கடைகளைக் குடியிருப்புகளுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். என்ன நடந்தது? ராஜ்யம் முழுவதும் தாய்மார்கள் துடைப்பத்தோடும் காலிக் குடத்தோடும் கடை வாசலில் உட்கார்ந்தார்கள். திருப்பூருக்கு அருகே சாமளாபுரத்தில் போலீஸ் அதிகாரி ஒருவர் ஒரு பெண்மணியைக் கன்னத்தில் அறைந்ததை நாடே படத்தில் பார்த்தது. அறை வாங்கியும் அவர்கள் நகரவில்லை. எத்தனையோ ஊர்களில் கடையைத் தூக்க வைத்தார்கள். எந்தச் சட்டசபையும் தராத வெற்றி அது.

ஏன் முடிந்தது? கடைக்கு ஒரு வாசல் இருந்தது. வாசல் இருந்தால் மறியல் செய்யலாம், பூட்டுப் போடலாம், கலெக்டரை அங்கே வரவழைக்கலாம். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பையில் கடை போய்க்கொண்டிருந்தால் எந்த வாசலில் உட்காருவது? பெங்களூரில் ஏதோ ஒரு கட்டிடத்தின் பத்தாவது மாடியில் இருக்கும் கம்பெனியையா முற்றுகையிடுவது? கூட்டம் இல்லாத, வரிசை இல்லாத, கண்ணுக்கே தெரியாத கடைதான் அவர்களுக்கு வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை எதிர்க்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். நாம் இந்தத் திட்டத்தை எதிர்ப்பதற்கு வேறு ஒரு காரணமும் இல்லாவிட்டாலும் இது ஒன்றே போதும்.

அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வருபவன் யார்? நம் வீட்டுப் பிள்ளை. ஐ.டி.ஐ. படித்தான், அப்ரண்டிஸ் முடித்தான், நிரந்தரம் இல்லை என்று கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள், தவணையில் வண்டி வாங்கி ஓட்டுகிறான். கம்பெனி அவனைத் தொழிலாளி என்று கூப்பிடாது, ‘பார்ட்னர்’ என்று கூப்பிடும். லாபத்தில் பங்கு இல்லாத பங்காளி! 21 வயது ஆகாதவனுக்கு மது கொடுக்கக்கூடாது என்பது நம் ராஜ்யத்து விதி. ராத்திரி ஒன்பது மணிக்கு, ஏற்கெனவே போதையில் கதவைத் திறக்கும் ஒருவனிடம், ‘ஐயா, உங்கள் வயது என்ன, சீட்டைக் காட்டுங்கள்’ என்று கேட்கும் போலீஸ் வேலையை அந்தப் பையன் தலையில் கட்டுகிறார்கள். கேட்டால் அடி வாங்குவான். கேட்காவிட்டால் கேஸ் வாங்குவான். தாமதமானால் கம்பெனி அவன் வருமானத்தில் கை வைக்கும்.

மறுபக்கம், டாஸ்மாக் கடைகளில் 23 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள் இருக்கிறார்கள். 2003-இல் சில்லறை விற்பனையை சர்க்கார் எடுத்தபோது தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள் இருபது வருஷம் தாண்டியும் நிரந்தரம் இல்லாமல் நின்றார்கள். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல் என்று ஜனங்கள் அவர்களைத் திட்டுகிறார்கள். தவறுதான், வாங்கக்கூடாது. ஆனால் அதே பத்து ரூபாயைக் கம்பெனி வாங்கினால் ‘சேவைக் கட்டணம்’ என்று ரசீது போட்டுக் கொடுப்பார்களே, அது என்ன நியாயம்?

கள்ளச்சாராயம் என்ற பூச்சாண்டி

வீட்டு விநியோகம் வந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்கிறார்கள். நம் எல்லைப் பகுதியிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டாம். கர்நாடகம் 2007 ஜூலையில் சாராயத்தைத் தடை செய்தது. மலிவுச் சரக்கு போய்விட்டது. விலை உயர்ந்த சரக்கு வாங்கக் கூலிக்காரனிடம் காசில்லை. 2008 மே மாதம் பெங்களூர், கோலார் பக்கமும், எல்லைக்கு இந்தப் பக்கம் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் விஷச் சாராயம் குடித்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள். அங்கே டாஸ்மாக் கடை இல்லாமலா இருந்தது? இருந்தது. பாக்கெட் சாராயம் அதைவிட மலிவாக இருந்தது, அவ்வளவுதான். விலைக்காக விஷம் குடிக்கிறவனுக்கு, விலைக்கு மேல் வண்டிக் கூலியும் வைத்து, ஆன்லைனில் அனுப்புகிறேன் என்றால் அவன் பிழைத்துக்கொள்வானா?

மெத்தனால் விற்பவனைப் பிடிப்பது போலீஸ் வேலை. பிடிக்காமல் இருந்தது யார் தவறு என்பதற்கு ஸ்விக்கி பையன் பதில் சொல்ல முடியாது.

வெளிதேசத்தையும் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவில் 2020 மார்ச் கடைசியிலிருந்து ஜூன் 1 வரை மது விற்பனையையே நிறுத்தினார்கள். அடிதடி, விபத்து என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கூட்டம் வெகுவாகக் குறைந்தது. திறந்ததும் ஏறியது. ஜூலையில் மறுபடி மூடினார்கள். அமெரிக்காவில் அதே காலத்தில் கடை வாசலில் காரை நிறுத்தினால் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுப்பதற்கும், வீட்டுக்கு அனுப்புவதற்கும் ‘தற்காலிக’ அனுமதி கொடுத்தார்கள். நோய் போய்விட்டது. பல மாநிலங்களில் அனுமதி நிரந்தரமாகிவிட்டது.

தொரப்பள்ளிக்காரர் செய்ததும் செய்யாததும்

ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர் ராஜாஜி. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சென்னை ராஜதானியில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது அன்றைய சேலம் ஜில்லாவில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தன. இன்று லாரி லாரியாகச் சரக்கு இறங்கும் இதே மண்தான் ராஜதானியின் முதல் வறண்ட ஜில்லா! கள் வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் அவர் விற்பனை வரி கொண்டுவந்தார். கள்ளுக்கடையில் கொடுத்ததை மளிகைக் கடையில் கொடு என்றார். 1971-இல் மதுவிலக்கைத் தள்ளிவைத்தார்கள், பிறகு மூடினார்கள், திறந்தார்கள், 1983-இல் டாஸ்மாக்கை உண்டாக்கினார்கள். போன வரி திரும்பி வந்தது. அதற்குப் பதிலாக வந்த வரியோ பெயரை மாற்றிக்கொண்டு இன்றும் நம் தலையில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் கொடுப்பவன் ஒருவனே.

ஆகவே, ‘வருமானத்துக்கு எங்கே போவது?’ என்று மந்திரிகள் கேட்கும்போது நாம் தலை குனிய வேண்டியதில்லை. 2024–25-இல் டாஸ்மாக் மூலம் வந்த வரி வருமானம் 48,344 கோடி ரூபாய். நாளுக்கு 132 கோடி. தினம் ஒரு குவார்ட்டர் குடிப்பவன் வருஷத்துக்கு 51,100 ரூபாயை அங்கே கொட்டுகிறான். 2023 செப்டம்பர் முதல் வீட்டுப் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை கொடுக்கத் தொடங்கினார்கள். கொடுக்கட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஏழு குவார்ட்டரில் 980 ரூபாய் திரும்பிப் போய்விடுகிறது என்பதை மட்டும் சொல்கிறோம். இங்கே ஆலை வைக்க வருகிற கம்பெனிகளுக்கு நிலச் சலுகை, மின்சாரச் சலுகை, வரிச் சலுகை என்று அள்ளிக் கொடுக்கிறார்களே, அந்தக் கணக்கில் கொஞ்சம் கை வைக்கட்டும்.

நாம் குடிப்பவனைப் பழித்து எழுதவில்லை. பழிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் கிளப்பில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே பழிக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் இரும்போடும் கல்லோடும் மல்லுக்கட்டியவன் உடல் வலி என்று சொன்னால் நாம் நம்புகிறோம். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை சட்டசபையில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் எழுந்து நின்றதால் மே தினத்தன்று வாபஸ் வாங்கினார்கள். ஜூலையில் மதுவிலக்கு மந்திரி பேசினார்: கடின வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே தேடுகிறார்கள், குவார்ட்டரைப் பங்கு போட ஆள் கிடைக்காமல் காத்திருக்கிறார்கள், ஆகவே 90 மில்லியில் காகிதப் பெட்டி பற்றி யோசிக்கிறோம் என்று. ஏப்ரலில் வேலையை நீட்டப் பார்த்தார்கள், ஜூலையில் வலிக்கு 90 மில்லி மருந்து! மதுவிலக்கு மந்திரி என்ற பெயரை நாம் வைக்கவில்லை, அவர்களே வைத்தது.

நாம் கேட்பது இவை. வீட்டு விநியோகமோ, வாசலில் வண்டியை நிறுத்திப் பாட்டில் வாங்கும் ஏற்பாடோ, எந்தப் பெயரிலும், பீருக்கும்கூட, வரக்கூடாது. கடைகளை ஆண்டுதோறும் குறைக்க வேண்டும், குடியிருப்பு ஓரத்திலும் ஆலை கேட் ஓரத்திலும் இருப்பவை முதலில் போக வேண்டும். மூடும் கடைகளின் ஊழியர்களுக்கு வேறு சர்க்கார் வேலை தர வேண்டும், நடுத்தெருவில் விடக்கூடாது. ஓசூர், கிருஷ்ணகிரி சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் குடியை விட வருகிறவனுக்குப் படுக்கையும் மருந்தும் இலவசமாக வேண்டும், சிகிச்சை நாட்களுக்கு ஈ.எஸ்.ஐ. சம்பளமும் வேண்டும். கூலியில் மதுவைக் கழிக்கும் மேஸ்திரி மேல் வழக்குப் போட வேண்டும். கிராம சபை வேண்டாம் என்றால் அந்த ஊரில் கடை இருக்கக்கூடாது என்று சட்டம் எழுத வேண்டும்.

கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும். வேலைக்குப் போகாமல் அன்று ஒரு மணி நேரம் பெண்களோடு போய் உட்காருங்கள். தீர்மானத்தை நோட்டில் எழுத வையுங்கள். பின்னால் எழுதிக்கொள்கிறோம் என்று சொன்னால் எழுந்து போகாதீர்கள். எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்தான பிறகு அதற்கு நகல் கேட்டு வாங்குங்கள்.